முன்னூத்திப் பன்னெண்டு தடவை

அந்தப் பேனாவை மூடுங்க சார். மூடிட்டு அந்தக் கோர்ஸ் நோட்டீசை மடிச்சுப் பைக்குள்ள வைங்க. இவன் யாருடா கேக்காமப் பேசுறான்னு நெனைக்காதீங்க. வால்பாறையில பஸ் எடுத்ததுல இருந்து பாக்குறேன். நேட்டிவ்னு போட்டிருக்கிற கட்டத்துல ஒரு டிக் போடுறீங்க, அதை அடிக்கிறீங்க. க்ராஸ் பிளாட்ஃபார்ம்ல ஒரு டிக் போடுறீங்க, அதையும் அடிக்கிறீங்க. அய்யர்பாடி வரைக்கும் பொறுத்துப் பாத்தேன். இதுக்கு மேல முடியல. ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தீங்கல்ல, அதுக்காகச் சொல்றேன். நேட்டிவ்ல போடுங்க. கண்ணை மூடிட்டுப் போடுங்க.

சிரிக்கல சார். டீ ஃபேக்டரியில முப்பது வருசம் எலெக்ட்ரீசியனா இருந்துட்டு, ஐம்பத்திரெண்டு வயசுல பொள்ளாச்சியில போய் ஆப் எழுதக் கத்துக்கப் போறேன்னு சொல்றீங்க, அதுல சிரிக்க என்ன இருக்கு? நானும் வீடியோ பாத்து வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவன்தான். என் பேரு பேச்சிமுத்து. எஸ்டேட் லயன் வீட்டுல பொறந்து வளந்தவன். எந்த எஸ்டேட்னு வேண்டாம், மேல ஒரு எஸ்டேட். அப்பா இல்ல. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்குது. எடுத்துச்சுன்னு சொல்லணும்.

மணி என்ன சார்? பத்து நாப்பதா? நேரம் இருக்கு.

பதினொன்னு இருபதுக்கு என் சட்டைப் பையில இருக்கிற இந்தப் போன் சங்கு ஊதுற மாதிரி கத்தும். பயந்துறாதீங்க. ஆனை எல்லாம் வராது. எங்க அம்மா வீட்டுல படுத்தபடியே ஒரு பட்டனை அமுக்கும், இங்க கத்தும். அவ்வளவுதான். நான் எழுதின ஆப். நான் மட்டும் தனியா எழுதினது, நேட்டிவ்ல எழுதினது. அதுவரைக்கும் போனைத் தொட மாட்டேன்னு வச்சிருக்கேன். அதான் உங்ககிட்ட மணி கேக்குறேன்.

சரி, கேளுங்க. நேட்டிவ்னா போனோட சொந்த பாஷையில அதுகிட்ட நேராப் பேசுறது. ஆண்ட்ராய்டுக்குத் தனியா எழுதணும், ஐபோனுக்குத் தனியா எழுதணும். வேலை ரெண்டு மடங்கு. க்ராஸ் பிளாட்ஃபார்ம்னா ஒரே தடவை எழுதி ரெண்டு போன்லயும் ஓட விடுறது. நடுவுல ஒருத்தன் உக்காந்து மொழிபெயர்த்துச் சொல்லுவான்னு வச்சுக்கங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும். புதுசாப் படிக்கிறவங்க எல்லாம் அங்கதான் போய் விழுவாங்க. ஆனா அந்த நடுவுல உக்காந்திருக்கிறவன் நேரத்துக்கு வாயைத் தொறக்கலேன்னா என்ன ஆகும்? எங்க அம்மா இடுப்பு ஒடைஞ்ச கதை ஆகும் சார். மூணு மாசமாப் படுத்துக் கிடக்கு.

 

ஆனை விசயம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஃபேக்டரியில இருந்தவரு நீங்க. சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுட்டு லயனுக்குத் திரும்புற நேரம்தான் எமன். பனி இறங்கியிருக்கும். பத்தடி தள்ளி நிக்கிறது பாறையா ஆனையான்னு தெரியாது. அதுக்குத்தான் ஆனைப் பாதுகாப்புக்குன்னு இருக்கிற ஒரு டிரஸ்ட்ல எங்களைக் கூப்பிட்டாங்க. எங்களைன்னா, என்னையும் மெர்லினையும். மெர்லின் பக்கத்து டிவிசன். என் கூட காலேஜ்ல படிச்சவ. அவ அம்மாவும் எங்க அம்மாவும் ஒரே செட்டுல கொழுந்து எடுக்கிறவங்க. ரெண்டு பேருமே கத்துக்குட்டிதான், ஆறு மாசம் முன்னப் பின்ன. ஆனை வாட்சர் சின்னப்பன் அண்ணன் ஆனையைப் பாத்தா தன் போன்ல ஒரு பட்டனை அமுக்கணும். அமுக்கின உடனே அந்தப் பக்கம் இருக்கிற எல்லாப் போனும் கத்தணும். இவ்வளவுதான் வேலை. இருநூத்திப் பதினாலு போன்.

எதுல எழுதுறதுன்னு முதல் நாளே பேச்சு வந்துச்சு. நான் நேட்டிவ்னு சொன்னேன். லயன்ல யாரு சார் ஐபோன் வச்சிருக்கா? எல்லாம் தவணையில வாங்கின ஆண்ட்ராய்டு. ஒன்னுக்கு மட்டும் எழுதுவோம், ஒழுங்கா எழுதுவோம்னு சொன்னேன். சரியா தப்பா, நீங்களே சொல்லுங்க.

டிரஸ்ட்ல அதிகாரி கிருபாகரன் சார்னு ஒருத்தர். நல்ல மனுசன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. மேசை மேல தன் போனை எடுத்து வச்சு, "இது என் போன்ல வருமா தம்பி?"ன்னு கேட்டாரு. ஐபோன். நான் யோசிச்சு, "கொஞ்ச நாள் கழிச்சு வரும் சார்"னேன். மெர்லின் பட்டுனு, "க்ராஸ் பிளாட்ஃபார்ம்ல எழுதினா ரெண்டுலயும் ஒன்னா வரும் சார்"னுட்டா. முடிஞ்சுது. அன்னைக்கே முடிஞ்சுது. ஒருத்தர் போனுக்காக இருநூத்திப் பதினாலு பேர் உசுரை மொழிபெயர்ப்பாளன் கையில குடுத்தாச்சு.

வெளிய வந்து சண்டை போட்டேன். "ஏன்டி முந்திரிக்கொட்டை மாதிரி முந்துற?"ன்னு கேட்டேன். அவ சொன்னா, "பேச்சி, எதுல எழுதினாலும் கடைசியில போய்ச் சேர்றது அதே போன்தான். நமக்கு ஆபத்து பாஷையில இல்ல"ன்னா. பேச்சு மட்டும் பெரிய மனுசிப் பேச்சு. கத்துக்குட்டிக்கு அவ்வளவு திமிரு ஆகாது சார்.

சரின்னு ஒத்துக்கிட்டேன். போனை அடிக்க வைக்கிற பாகம் எல்லாம் அவ எழுதினா. வரைபடம், ஆளுங்க பேரு, டிவிசன் கணக்கெல்லாம் நான். டெஸ்டிங்கும் நான்தான். டெஸ்டிங்ல என்னை அடிச்சுக்க ஆள் இல்ல, அதை மெர்லினே ஒத்துக்குவா. முன்னூத்திப் பன்னெண்டு தடவை டெஸ்ட் பண்ணினேன் சார். எண்ணி வச்சிருக்கேன், நோட்டுல கோடு போட்டு வச்சிருக்கேன். முன்னூத்திப் பன்னெண்டு. டிரஸ்ட் ரூம்ல என் மேசை மேல போனை வச்சு, கேபிளைச் செருகி, லேப்டாப்போட சேத்து வச்சிருப்பேன். என் போன்ல கேபிள் செருகுற ஓட்டை கொஞ்சம் லூசு. கேபிள் கழண்டு கழண்டு விழும். அதனால டேப் போட்டு மேசையோட ஒட்டியே வச்சுட்டேன். அசையாது. எழுதினதை அந்தக் கேபிள் வழியாத்தானே போனுக்குள்ள ஏத்தணும், அதனால உருவவே வேண்டியதில்ல. மெர்லின் அந்த ஓரத்துல இருந்து பட்டனை அமுக்குவா, இந்த ஓரத்துல என் போன் கத்தும். ரெண்டு செகண்ட். ரெண்டே செகண்ட். முன்னூத்திப் பன்னெண்டு தடவையும் அடிச்சுது. ஒரு தடவை கூடத் தப்பல.

அப்ப மெர்லின் என்ன சொன்னா தெரியுமா? "பேச்சி, போனைப் பையில போட்டுக்கிட்டு பத்தாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குப் போயி ரெண்டு மணி நேரம் சும்மா நில்லு. நான் இங்க இருந்து அமுக்குறேன்"னா. ஜூலை மாசம் சார். வால்பாறையில ஜூலை மாசம். மழைன்னா மழை உங்களுக்கே தெரியும். கால்ல அட்டை ஏறி, செருப்புக்குள்ள ரத்தம் சொதசொதன்னு நிக்கும். இங்க அடிக்கிற போன் அங்க அடிக்காதா? டவர் இருக்குல்ல அங்க? இருக்கு. அப்புறம் என்ன? "நீ வேணா போ"ன்னேன். "உன் போன்தான் லயன்ல இருக்கிற மாதிரி விலை கம்மியான போன், என்னது மாமா குடுத்த பெரிய போன், அதுல பாத்துப் பிரயோசனம் இல்ல"ன்னா. சாக்கு. நான் போகல. டெஸ்ட் முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

அட்டகட்டி தாண்டியாச்சா? தாண்டியாச்சு. இனிமே வளைவுதான். நாப்பதாவது வளைவுல இருந்து எண்ணிக்கிட்டே வாங்க. கீழ டேம் கண்ணுல பட்டா டவர் கணீர்னு வந்திரும். அம்மா அமுக்குறதுக்கும் நாம அங்க போறதுக்கும் சரியா இருக்கும், கணக்குப் போட்டுத்தான் பதினொன்னு இருபதுன்னு சொல்லிட்டு வந்தேன். மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்கிறாதம்மான்னு ரெண்டு தடவை சொன்னேன். "நான் தூங்க மாட்டேன்யா, நீ பஸ்ஸுல தூங்கிறாத"ன்னுச்சு.

எதுக்கு இதெல்லாம்னு கேக்குறீங்களா? இன்னைக்கு ஒரு மணிக்கு பொள்ளாச்சியில விசாரணை சார். டிரஸ்ட் ஆபீஸ்ல. கிருபாகரன் சார், மெர்லின், நான், எஸ்டேட்டுல இருந்து ஒருத்தர். இந்தக் கவர்ல இருக்கு பாருங்க, நாலு பக்கம் அறிக்கை. ஒரு வாரம் உக்காந்து எழுதினேன். க்ராஸ் பிளாட்ஃபார்ம்னால ஏன் அடிக்கல, அதைக் கொண்டு வந்தது யாரு, வேண்டாம்னு சொன்னது யாரு, எல்லாம் வரிசையா எழுதியிருக்கேன். இதைப் படிச்சாங்கன்னா மெர்லினை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அனுப்பட்டும். கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில வேலைக்குக் கேட்டிருக்காளாம், இங்க இருந்து சர்டிபிகேட் வாங்கிட்டு வான்னு சொல்லியிருக்காங்களாம். வாங்கட்டும் பாப்போம். அது முடிஞ்ச கையோட, என் நேட்டிவ் ஆப்பை திங்கக்கிழமை காலையில மஸ்டர்ல வச்சு எல்லாப் போன்லயும் ஏத்துறோம். பேரு கூப்பிடுறப்பவே ஒவ்வொருத்தரா வாங்கி ஏத்திட்டு, மறுபடி பத்தாம் நம்பர் காட்டுக்கு ஆள் அனுப்பலாம்னு எஸ்டேட்டுல சொல்லிட்டாங்க. விபத்துக்கு அப்புறம் அந்தக் காட்டை மூடி வச்சிருக்காங்க.

கடைசிப் பக்கம் ஆப்பைப் பத்தின வெறும் ஃபாரம். அதுல என்ன பாக்குறீங்க? 'எழுதியவர்'னு ஒரு கோடு, 'பரிசோதனை செய்தவர்'னு ஒரு கோடு. எழுதியவர்ல மெர்லின் பேரு போட்டாச்சு. இன்னொன்னு காலியாத்தான் இருக்கு. அட, அது சம்பிரதாயம் சார், அதை யாரு படிக்கப் போறா. குடுங்க கவரை.

அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். ஆப் ஏத்தி பதினோரு நாள் ஆகியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி எப்படின்னா, சின்னப்பன் அண்ணன் ஆனையைப் பாத்தா ஒரு கூப்பாடு போடுவாரு. பக்கத்துக் காட்டுல இருக்கிற பொம்பளைங்க அதை வாங்கி அடுத்த காட்டுக்குக் கூப்பாடு போடுவாங்க. அவங்க அடுத்த காட்டுக்கு. மூணு நிமிசத்துல மலை முழுக்கத் தெரிஞ்சிரும். எனக்கு அது பிடிக்காது. கத்துனா ஆனை மிரளும்ல? ஆப் வந்தாச்சு, இனிமே யாரும் கூப்பாடு போடக் கூடாதுன்னு மஸ்டர்ல நின்னு நான்தான் சொன்னேன். கைதட்டினாங்க சார். எங்க அம்மா முன் வரிசையில நின்னு கைதட்டுச்சு.

பதினோராம் நாள் சாயங்காலம் அஞ்சு பத்துக்கு நாத்துப் பண்ணைக்கிட்ட ஆனை. சின்னப்பன் அண்ணன் சொன்னபடி பட்டனை அமுக்கிட்டாரு. கூப்பாடு போடல. லயன்ல உக்காந்து கையில போன் வச்சுப் படம் பாத்துக்கிட்டிருந்தவங்க போன் எல்லாம் அடிச்சுது. வீட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு அடிச்சு என்ன பிரயோசனம்? எங்க அம்மா போனை மழைக்குப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, கொழுந்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, குறுக்குப் பாதையில இறங்கி வருது. போன் அடிக்கல. அஞ்சரைக்கு ஆனைக்கு நேரா வந்து நிக்குது.

ஓடி, கானுக்குள்ள விழுந்திருக்கு. தண்ணி போறதுக்கு வெட்டியிருக்கிற அந்தக் கான்தான் அதைக் காப்பாத்துச்சு. ஆனை பையை மட்டும் காலால தள்ளிப் பாத்துட்டுப் போயிருச்சாம். அரை மணி நேரம் சேத்துக்குள்ள வாயைப் பொத்திக்கிட்டுக் கிடந்திருக்கு சார், இடுப்பு ஒடைஞ்சு. வாயைத் தொறந்தா ஆனை திரும்பி வருமோன்னு பயந்து முனகக் கூட இல்லையாம். அதை என்கிட்டச் சொன்னப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

கேளுங்க, இதுதான் முக்கியம். சின்னப்பன் அண்ணன் தேடிக்கிட்டு வந்து, கீழ கிடந்த பையில இருந்து போனை எடுத்து, கவரைப் பிரிச்சு, எனக்குப் பேசலாம்னு ஸ்கிரீனைத் தொட்டிருக்காரு. தொட்ட உடனே அது கத்துச்சாம். ஆனை வருது, ஆனை வருதுன்னு. ஆனை வந்து, போயி, எல்லாம் முடிஞ்சு ஆறு மணிக்குக் கத்துது. ஐம்பது நிமிசம்! மொழிபெயர்க்க ஐம்பது நிமிசம் ஆகியிருக்கு அந்தப் பயலுக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அதான் சொல்றேன், உங்க நோட்டீசுல நேட்டிவ்ல டிக் போடுங்கன்னு.

மணி என்ன சார்? பதினொன்னு பதினேழா. ஆச்சு, இன்னும் மூணே நிமிசம். டேம் தெரியுது பாருங்க. என்ன அழகா இருக்கு.

மெர்லின் ஆஸ்பத்திரிக்கு வந்தா. ரெண்டாம் நாளே வந்தா, ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும் வாங்கிக்கிட்டு. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. எனக்கும் மனசு இளகத்தான் செஞ்சுச்சு. அப்புறம் வராந்தாவுல வந்து நின்னு மெதுவா சொல்றா, "பேச்சி, கோவிச்சுக்காத. ஒரே ஒரு தடவை உன் போனைக் கேபிள்ல இருந்து உருவிட்டு டெஸ்ட் பண்ணிப் பாப்போமா? சார்ஜ்ல இருக்கிறவரைக்கும் போன் முழிச்சுத்தான் இருக்கும். சார்ஜ்ல இல்லேன்னா, இந்த விலை கம்மியான போன் எல்லாம் பேட்டரியை மிச்சம் பண்றதுக்காக ஆப்பைத் தூங்க வச்சிருது. நேத்துத்தான் படிச்சேன். என் தப்பும் இருக்கு, நானும் பாத்திருக்கணும்"னா.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். எங்க அம்மா உள்ள கத்திக்கிட்டுக் கிடக்கு, இவ கேபிள் மேல பழி போடுறா! "முன்னூத்திப் பன்னெண்டு தடவை அடிச்சுதுடி, உன் கண்ணு முன்னாடி அடிச்சுது"ன்னு கத்தினேன். நர்ஸ் ஓடி வந்துட்டாங்க. மெர்லின் ஹார்லிக்ஸ் பாட்டிலை ஜன்னல்ல வச்சுட்டுப் போயிட்டா. மூணு மாசம் ஆச்சு, அவகிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. மூணு மெசேஜ் அனுப்பினா. படிக்காம அழிச்சேன்.

மூணு மாசமும் வீட்டுல அம்மா கட்டில் பக்கத்துல உக்காந்து நேட்டிவ்ல எழுதினேன். வேற ஒரு சிந்தனை கிடையாது. அம்மாதான் பட்டனை அமுக்கும். கட்டில்ல படுத்துக்கிட்டே, "அமுக்கவாய்யா?"ன்னு கேக்கும். அமுக்கும். அடிக்கும். ஒவ்வொரு தடவையும் அது சிரிக்கும் சார். இந்தத் தடவையும் ஒரு தடவை கூடத் தப்பல. இருநூறு தடவைக்கு மேல இருக்கும். இன்னைக்குக் காலையிலதான் கேபிளை உருவி, பையில போட்டுக்கிட்டுக் கிளம்பினேன்.

என்ன சார்? என்ன கேட்டீங்க?

வீட்டுலயும் கேபிள்லதான் இருந்துச்சு. ஆமா. அதான் சொன்னேனே, எழுதினதை ஏத்தணும்னா கேபிள் வேணும்னு. நீங்க எலெக்ட்ரீசியன், உங்களுக்கு அது புரியணும். கேபிளை மாட்டிக்கிட்டு யாரும் கொழுந்து எடுக்கப் போறதில்லையேன்னா? இது என்ன சார் கேள்வி? நீங்களும் மெர்லின் மாதிரியே பேசுறீங்க. அவ எழுதினது க்ராஸ் பிளாட்ஃபார்ம். அதுல நடுவுல ஆள் இருக்கு. இதுல நடுவுல ஆள் இல்ல. இது நேரா. நேரா சார். அதுக்கும் இதுக்கும்...

மணி என்ன?

பதினொன்னு இருபத்தஞ்சா? உங்க வாட்ச் கொஞ்சம் முந்தி ஓடும் போல. இல்லேன்னா அம்மா தூங்கியிருக்கும். நான் சொல்லிட்டு வந்தேன், மாத்திரையைப் போட்டா கண்ணு சொருகிரும்னு. வயசானவங்க, அவங்களை நம்பி ஒரு காரியம் பண்ண முடியாது சார். நான் பாத்து வேற யாருகிட்டயாவது சொல்லியிருக்கணும். என் தப்புதான்.

உங்க போன்ல டவர் இருக்கா? பாருங்களேன். நாலு கோடும் இருக்கா. அப்ப என்னதுலயும் இருக்கும், ஒரே கம்பெனி சிம்முதான். சரி, வரும். நான் போனைத் தொட மாட்டேன். தானா அடிக்கணும், அதுதானே டெஸ்ட்டு. இது எத்தனாவது வளைவு? அஞ்சா?

சார், ஏதாவது பேசுங்க. அந்த கோர்ஸு எத்தனை மாசம்?

அடிக்குது! கேட்டுச்சா, அடிக்குது, நான் சொன்னேன்ல... இல்ல. இது சாதா ரிங்கு. யாரோ கூப்பிடுறாங்க. அம்மாதான். ஒரு நிமிசம் சார்.

அம்மா. சொல்லும்மா. தூங்கிட்டியா? தூங்கலையா? பின்ன ஏன் அமுக்கல?

எப்ப அமுக்கின?

அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. கடியாரத்தைப் பாத்து அமுக்கினியா? பெரிய முள்ளு நாலுல இருந்துச்சா? ...சரி. சரிம்மா. இரு, நான் போனைத் தொறந்து பாக்குறே...

ஐயோ. நிறுத்துறேன் சார், நிறுத்துறேன், எப்படி நிறுத்துறதுன்னு... கண்டக்டர் அண்ணே, ஒன்னும் இல்ல, ஆனை இல்ல, போனுதான். எல்லாரும் உக்காருங்க. ஒன்னும் இல்ல.

ஆமாம்மா. கேட்டுச்சா உனக்கு. ஆமா, இப்பத்தான் அடிக்குது. கையில எடுத்த பொறவுதான். ...வச்சிரட்டுமா. பொறவு பேசுறேன். நீ சரியாத்தான்மா அமுக்கியிருக்க. அழல. வச்சிரு.

அம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா சார்? "ஏய்யா, அன்னைக்கும் இப்படித்தான்யா, சின்னப்பன் கையில எடுத்த பொறவுதான் கத்துச்சு"ன்னுது. கானுக்குள்ள கிடந்தபடி கேட்டிருக்கு அந்தச் சத்தத்தை. என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கு.

இங்க பாருங்க, எழுதிக் காட்டுது. அனுப்பியது பதினொன்னு இருபது. வந்தது பதினொன்னு முப்பத்தி மூணு. பதிமூணு நிமிசம். நேட்டிவ்தான் சார் இது. நடுவுல ஒருத்தனும் இல்ல. ஒவ்வொரு வரியும் நான் எழுதினது.

தண்ணி வேண்டாம் சார். நல்லாத்தான் இருக்கேன். திங்கக்கிழமை பத்தாம் நம்பர் காட்டுக்கு ஆள் அனுப்புறதாச் சொல்லியிருந்தாங்கல்ல. மெர்லின் அம்மாவுக்கும் அங்கதான் வேலை போட்டிருக்கு. அதை நெனைச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

இறங்கினதும் முதல்ல மெர்லினுக்குப் பேசணும். எடுப்பாளான்னு தெரியல.

சார், அந்தப் பேனாவைக் கொடுங்க. உங்க நோட்டீசுக்கு இல்ல, நீங்க எதுல வேணாலும் டிக் போட்டுக்கங்க, ரெண்டும் ஒன்னுதான். இந்தக் கவரைக் கொஞ்சம் பிடிங்க, நாலாவது பக்கம். கடைசி வளைவு வரப் போகுது, அதுக்கு முன்னாடி எழுதிரணும். அந்தக் காலிக் கோடு இருக்குல்ல, 'பரிசோதனை செய்தவர்'. அது ஆடாமப் பிடிச்சுக்கங்க சார். என் பேரு கொஞ்சம் நீளம்.